துலோன் துறைமுகத்துப் பெரிய வாப்பா

கொடி மாறிய வருடம் என்றதும் உங்களில் பலருக்கு மிட்டாயும் ஊர்வலமும்தான் ஞாபகம் வரும். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் அந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பார்த்ததாகச் சொல்வீர்கள். நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அரசலாற்றில் கட்டியிருந்த எங்கள் தோணியின் அடித்தட்டில், நெஞ்சு வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடத்துக் கோடையிலிருந்து அடைமழை முடிந்து தை பிறக்கும் வரை நான் பயந்தே கழித்தேன். எதற்கெல்லாம் பயந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பெரிய வாப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் என் வாப்பாவுக்கு அண்ணன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சைகோனுக்குக் கடை வேலைக்குப் போனவர். அங்கே கடையில் நிற்கப் பிடிக்காமல் கப்பல் ஏறி, பிரான்சுக்குத் தெற்கே துலோன் என்கிற துறைமுகத்தில் போய்ச் சேர்ந்து, கடற்படைக் கப்பலில் கொதிகலனுக்கு நெருப்புப் போடும் வேலையில் அமர்ந்துவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கோடையில் ஒரு நாள் ரயிலடியிலிருந்து ஜட்கா வந்து வாசலில் நின்றது. தகரப் பெட்டியோடு இறங்கியவரைப் பார்த்ததும் நான் அடுக்களைக்கு ஓடி அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் முகத்தின் இடது பாதி வெந்திருந்தது. தோல் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுத்தது. அந்தப் பக்கத்துக் காது, உருகின மெழுகு போலக் கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது.

உம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். "பெரிய வாப்பாவுக்கு சலாம் சொல்லு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். பயப்புடுது புள்ள. விடும்மா, பழகிரும்" என்றார் அவர்.

பழகவில்லை. அவரைவிட அவர் கொண்டுவந்த கோட்டு எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கருநீலக் கம்பளிக் கோட்டு. நங்கூரம் பொறித்த பித்தளைப் பொத்தான்கள் இரண்டு வரிசையாக இருக்கும். நம் ஊர் வெயிலில் அதை யார் போட முடியும்? அவருடைய அறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலக்கரியும் புகையிலையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அறையைத் தாண்டும்போது, தலையில்லாத ஆள் ஒருவன் சுவரோடு சுவராக நிற்பதாகவே தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடுவேன்.

ஆனால் சாயங்காலத் தேத்தண்ணியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. உம்மா அவர் முன்னால் அதிகம் வருவதில்லை. வாப்பாவுக்கு உட்கார்ந்து பேச நேரமில்லை. கேட்க ஆளில்லாத பேச்செல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் துலோனை வரைவார்.

"பின்னால மொட்ட மல. முன்னால கடலு. ரெண்டு பக்கமும் கர கைய நீட்டி அணைச்சாப்புல வளைஞ்சிருக்கும். உள்ள வந்துட்ட கப்பலுக்குப் புயலு தெரியாது."

"அலை அடிக்காதா பெரிய வாப்பா?"

"நம்ம கடலு மாதிரி இரையாது. சத்தமே போடாது. கரையில இருந்து ஒரு அடி எடுத்து வெச்சியோ, அதல பாதாளம்."

சத்தம் போடாத கடல் என்பது எனக்கு விளங்கவே இல்லை. படுத்தால் காதில் நம் கடல் இரைவது கேட்கும். அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு முழித்துக் கிடப்பேன்.

பழைய ராஜாக்கள் காலத்திலிருந்தே அங்கே போர்க்கப்பல் கட்டினார்களாம். கப்பல் பட்டறைக்குப் பெரிய கல் வாசல். வாசலின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே கல்லில் செய்த சண்டைத் தெய்வங்கள். உள்ளே போனால் கயிறு திரிக்கிற மண்டபம். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறு முனையில் நிற்கிற ஆள் எறும்பாகத் தெரிவானாம். அத்தனை நீளம். கப்பல் கயிறு நடுவில் முடிச்சில்லாமல் இருக்க வேண்டுமே, அதற்காக.

இதெல்லாம் சரி. ஆனால் இதற்கு அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் கேட்டிருக்கக் கூடாது.

"காத்தில்லாத நாள்ல கப்பல யாரு தள்ளுவா? ஆளுங்க. பலகையில வரிசையா உக்கார வெச்சுக் காலச் சங்கிலியில பூட்டிருவாங்க. துடுப்பு வலிக்கிறது, திங்கிறது, தூங்குறது எல்லாம் அங்கதான். கள்ளன், கொலகாரன் மட்டும் இல்ல புள்ள. நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. கடல்ல போன முஸ்லிம்களப் புடிச்சாந்து பூட்டி வெச்சாங்க. துருக்கன்னு பேரு. ஓதிக்கிட்டே வலிப்பாங்களாம்."

"எப்ப அவுத்து விடுவாங்க?"

"மௌத்தானா. உசுரு போனாத்தான்."

பிற்காலத்தில் துடுப்புக் கப்பல் ஒழிந்துபோனதும், அதே துறைமுகத்தில் பழைய கப்பல்களையே ஜெயிலாக்கினார்களாம். கைதிகளுக்குச் சிவப்புச் சட்டை. ஆயுளுக்கும் வெளியே வர முடியாதவனுக்குப் பச்சைத் தொப்பி. எவனாவது தப்பினால் பீரங்கி வெடித்து ஊருக்குச் சொல்வார்கள். பட்டறையில் வேலை பார்த்த கிழவர்கள் தங்கள் பாட்டன்மார் கேட்ட அந்தச் சங்கிலிச் சத்தத்தைப் பற்றி இவரிடம் சொன்னார்களாம். அதற்குப் பிறகு தெருவில் யார் பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு போனாலும் என் கால் பின்னிக்கொள்ளும்.

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பெரிய வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களுக்குப் பிறகு, பிரான்சில் வேலை பார்க்கும் என் மகன் என்னைத் துலோனுக்கு அழைத்துப் போனான். மொட்டை மலை அப்படியே இருக்கிறது. அந்தக் கல் வாசல் இப்போது காட்சிச் சாலைக்கு வாசலாக இருக்கிறது. சண்டைத் தெய்வங்கள் இரண்டும் மூக்கு தேய்ந்து நிற்கின்றன. படகில் உட்கார வைத்துத் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். கூட வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சத்தமே போடவில்லை.

சரி, காரைக்காலுக்கு வருவோம். அந்தக் கோடையில் ஊரைச் சுற்றி எல்லைகளை இந்தியப் பக்கத்தில் அடைத்துவிட்டார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று இன்னொரு கூட்டம். சுங்கச் சாவடியில் பெண்பிள்ளைகளின் முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் மஃரிபு தொழுகைக்குப் பிறகு வீட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. எங்கள் தோணி, இலங்கைக்கு ஓடு ஏற்றிப் போய் வருகிற தோணி, சரக்கில்லாமல் அரசலாற்றில் கட்டிக் கிடந்தது. வாப்பாவுக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். அவர் சோறு திங்கும்போதுகூடப் பேசாமல் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் பெரிய வாப்பா மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தா இருக்கிற வீடு பிரெஞ்சுக்காரன் வீடு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் ஓட்டின்மேல் கல் விழுந்தது. உம்மா என்னை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். இன்னொரு கல். ஓடு உடைந்து முற்றத்தில் சிதறியது. அந்தச் சத்தத்துக்குப் பெரிய வாப்பா அறையிலிருந்து வெளியே ஓடி வந்தார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தூண் ஓரமாகக் குந்தினார். வாய் பிரெஞ்சில் என்னவோ முணுமுணுத்தது. பெரிய மனிதர் ஒருவர் அப்படி நடுங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல நானா. வெறும் கல்லு" என்று வாப்பா தன் அண்ணனின் தோளைத் தொட்டார். ஆனால் வாப்பாவின் கண்ணும் வாசற்கதவின் மேலேயே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தோணியை ஓட்டும் தண்டல் வீட்டுக்கு வந்திருந்தார். கடலோரத்து ஆள். வாப்பாவுக்கு வலக்கை மாதிரி. சாப்பாட்டுக்குப் பிறகு ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது, "கொடி மாறுனா தோணி யாரு கைக்குப் போவுமோ" என்று அவர் கவலைப்பட்டார். பெரிய வாப்பா அதற்கு, கேட்காமலே, பதில் சொன்னார்.

"துலோன்ல நாங்க யாரு கைக்கும் குடுக்கல. ஒலகச் சண்டையில ஜெர்மன்காரன் பட்டற வாசலுக்கு வந்துட்டான். விடியிறதுக்குள்ள அத்தன கப்பலையும் முங்க வுட்டாச்சு."

"யாரு வுட்டா?" என்றார் தண்டல்.

"எங்க ஆளுங்கதான். மேல இருந்து உத்தரவு. வால்வத் தொறந்து, வெடி வெச்சு, நெருப்பு வெச்சு. சில கப்பலு நேரா நின்ன வாக்குலயே தரையில உக்காந்துருச்சு. கொடி மட்டும் தண்ணிக்கு மேல ஆடுது. எண்ணெ நாள் கணக்கா எரிஞ்சுச்சு. பகல்லயே இருட்டு."

தண்டல் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தரையைப் பார்த்தார். கதவிடுக்கில் நின்ற நான் எங்கள் தோணியை நினைத்தேன். தன் கப்பலைத் தானே முக்குகிற ஊரிலிருந்து வந்த மனிதர் எங்கள் வீட்டில் இருக்கிறார்!

போகும்போது தண்டல் வாசலில் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "மொதலாளி, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவரத் தோணிப் பக்கம் வுடாதீங்க. அவருக்குப் புத்தி அங்கயும் இங்கயுமா இருக்கு."

ஆனால் பெரிய வாப்பா தினமும் போனார். பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய், தோணியில் ஏறி, விரல் முட்டியால் பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். ஊர் பார்த்தது. ஒரு நாள் அவரே வாப்பாவிடம் வந்து சொன்னார்.

"தம்பி, தோணி வெயில்ல காஞ்சு போச்சு. பொருத்தெல்லாம் வாயத் தொறந்துகிட்டுக் கெடக்கு. மழ வந்து ஆறு ஏறிச்சுன்னா உள்ள தண்ணி வந்துரும். இப்பவே பஞ்சும் குங்கிலியமும் வெச்சு அடைக்கணும்."

"சாமானுக்கு எங்க போறது? எல்லையில விடுறானா? நீங்க அந்தப் பக்கம் போவாதீங்க நானா. ஊரு ஒரு மாதிரி பேசுது."

"ஊரு பேசுனா தண்ணி கேக்குமா?"

"போவாதீங்கன்னா போவாதீங்க" என்றார் வாப்பா.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கொடி மாறப்போவது உறுதி என்று ஆனதும் ஊரே ஒரே பக்கமாகச் சாய்ந்தது. வாப்பா மூவர்ணத் துணி வாங்கி வந்து உம்மாவைத் தைக்கச் சொன்னார். எங்கள் வீட்டு முகப்பில் மற்ற வீடுகளில் கட்டியதைவிடப் பெரிய கொடியாகக் கட்டினார். அது சந்தோஷத்தினால் கட்டிய கொடி இல்லை, கல்லுக்குப் பயந்து கட்டிய கொடி என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

அந்தக் காலையில் வாப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு கொடியேற்றம் பார்க்கக் கிளம்பிவிட்டார். மழை சற்று விட்டிருந்தது. தூரத்தில் மேளமும் கோஷமும் கேட்டன. உம்மா என்னைக் கூப்பிட்டு, "பெரிய வாப்பாவப் பசியாற வரச் சொல்லு" என்றாள். அறை காலியாக இருந்தது. ஆணியைப் பார்த்தேன். கோட்டு இல்லை.

உம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. கொடி இறங்குகிற காலை, கோட்டைக் காணோம், ஆளைக் காணோம் என்றதும் என் மனதில் ஒன்றுதான் ஓடியது. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஆற்றை நோக்கி ஓடினேன்.

அரசலாறு கரையை முட்டிக்கொண்டு, செம்மண் நிறத்தில், குப்பையும் வாழைமரமுமாக அடித்துக்கொண்டு போனது. தோணிக் காவலுக்கு இருந்த ஆள் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டிருந்தான். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இருக்க வேண்டிய மட்டத்துக்கு வெகுவாகக் கீழே இறங்கிக் கிடந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது என்று நின்ற இடத்திலேயே எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

பலகை வழியாக ஏறி, அடித்தட்டுக்கு இறங்கும் வாயில் எட்டிப் பார்த்தேன். உள்ளே மங்கல் வெளிச்சத்தில், தண்ணீருக்கு நடுவில் பெரிய வாப்பா. ஒரு கையில் கத்தி.

"பெரிய வாப்பா, வேணாம்!" என்று கத்தினேன். கத்தின வேகத்தில் கால் வழுக்கி ஏணியோடு கீழே போய் விழுந்தேன். தண்ணீர் என் நெஞ்சு வரை வந்தது. குளிரில் மூச்சு நின்றுவிட்டது.

அவர் பாய்ந்து வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். "ஏன் புள்ள வந்தே? மேல போ! ஏணி ஒடஞ்சிருச்சா? சரி, இங்கயே நில்லு. அந்த வாளியப் புடி. எறச்சு, தண்ணிக்கு மேல இருக்குற அந்த ஓட்ட வழியா வெளிய ஊத்து. ஊத்திக்கிட்டே இரு."

அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். கோட்டு அவர் கையில் கிழிந்து கிடந்தது. அந்தக் கம்பளியைக் கத்தியால் நீளநீளமாகக் கீறி, பல்லால் கடித்து இழுத்து, தண்ணீர் பீய்ச்சுகிற பலகைப் பொருத்துகளில் கத்திப் பிடியால் அடித்து அடித்துத் திணித்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் அடைத்தால் பக்கத்தில் பீய்ச்சும். அங்கே ஓடுவார். விரல் நகங்களில் ரத்தம்.

எனக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. இறைத்தேன். அந்த வாளி என்னைவிடக் கனம். அரை வாளி தூக்கினால் கால் வாளிதான் வெளியே போனது. வெளியே ஊரில் வேட்டு வெடிக்க ஆரம்பித்தது. கொடி ஏறிவிட்டது போல. ஒவ்வொரு வெடிக்கும் பெரிய வாப்பாவின் உடம்பு தூக்கிப் போடும். கண்ணை இறுக்கி மூடுவார். வெந்த கன்னம் துடிக்கும். பிரெஞ்சில் ஏதோ கெஞ்சுகிற மாதிரிச் சொல்வார். பிறகு கண்ணைத் திறந்து மறுபடி அடிப்பார். அவர் எந்த ஊரில் இருக்கிறார், யாரிடம் பேசுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே ஓடவும் வழியில்லை. "புள்ள, இருக்கியா? இருக்கியா?" என்று மட்டும் நடுநடுவே தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தார். "இருக்கேன் பெரிய வாப்பா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் ஏறுவது நின்றது. என் நெஞ்சில் இருந்தது இறங்கி வயிற்றுக்கு வந்ததை உணர்ந்தேன். அந்த நேரத்தில்தான் மேலே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

மழைக்குத் தோணியைப் பார்த்துப் போக எனக்கு முன்பே வந்த தண்டல், சாய்ந்த தோணியையும் உள்ளே பெரிய வாப்பாவையும் பார்த்துவிட்டு ஓடிப்போய் வாப்பாவை அழைத்து வந்திருக்கிறார். வாப்பா குனிந்து பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது இதுதான்: தண்ணீர், அண்ணன் கையில் கத்தி, பக்கத்தில் நடுங்கிக்கொண்டு தன் மகள்.

குதித்தார். நல்ல சட்டையோடு தண்ணீரில் குதித்து, பெரிய வாப்பாவின் கழுத்தைப் பிடித்துப் பலகையோடு மோதினார்.

"எந்தக் கொடிக்காகடா இதப் பண்ணுனே? எம் புள்ளயயுமா கொல்லப் பாத்தே?"

வாப்பா தன் அண்ணனை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். அடித்தார். கையால் அடித்தார். பிறகு மிதந்துகொண்டிருந்த துடுப்புக் கட்டையால் அடித்தார். பெரிய வாப்பா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாப்பா, பெரிய வாப்பா அடைச்சாங்க! தண்ணிய அடைச்சாங்க!" என்று நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். தண்டல் கயிறு வழியாக இறங்கி வந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தட்டிவிட்டு அதே கயிற்றைப் பிடித்து மேலே ஏறிவிட்டார்.

ஆட்கள் சேர்ந்து தண்ணீரை இறைத்து, தோணியை இழுத்துக் கரைச் சேற்றில் ஏற்றிவிட்டார்கள். மறுபடி கொட்ட ஆரம்பித்த மழையில் யாரும் உள்ளே போய்ப் பொருத்துகளைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? என்ன நடந்தது என்றுதான் எல்லாருக்கும் தெரியுமே!

எனக்குக் காய்ச்சல் கண்டது. தெளிந்தபோதெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். உம்மா நெற்றியில் ஓதி ஊதிவிட்டு, "புள்ள ரொம்பப் பயந்துருக்கு. அந்த மனுசர் சொல்லிக் குடுத்ததச் சொல்லுது" என்று வாப்பாவிடம் சொன்னாள். வாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அவரும் என்னைப் பார்க்கப் பயந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

காய்ச்சல் விட்டு எழுந்தபோது பெரிய வாப்பா வீட்டில் இல்லை. தெற்கே கடலோரத்தில் உள்ள ஒரு தர்காவில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். புத்தி பேதலித்தவர்களை அங்கே விடுவார்கள். ஜின் இறங்கும்வரை அங்கேயே இருப்பார்கள்.

"ஓடிற மாட்டாங்களா?" என்று உம்மாவிடம் கேட்டேன்.

"சங்கிலி போட்டுருப்பாங்கல்ல" என்றாள் உம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பலகை, வரிசையாகக் கால்கள், சங்கிலி. அந்த வரிசையில் கடைசியாக ஒரு வெந்த முகம். எப்ப அவுத்து விடுவாங்க என்று நானே கேட்டு, அதற்கு அவர் சொன்ன பதிலும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. உம்மா என்னைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள்.

தை பிறந்து வெயில் வந்தது. எல்லை திறந்துவிட்டது, சாமான் கிடைத்தது. கரையேற்றின தோணியைச் சாய்த்துப்போட்டுப் பொருத்து அடைக்க ஆள் விட்டார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்டல் வந்தார். வழக்கமாக வாசலில் செருமிவிட்டு வருகிறவர், நேராக உள்ளே வந்து, கையில் இருந்த சாக்கை வாப்பாவின் முன்னால் கவிழ்த்தார். சேறும் உப்பும் படிந்து, இறுகி, வடமாகத் திரிந்துபோன கருநீலக் கம்பளித் துண்டுகள்.

"அடிப்பொருத்து முச்சூடும் இதான் மொதலாளி இருக்கு. வெட்டுன எடம் ஒண்ணு இல்ல. வெயில்ல காஞ்சு தானா வுட்டுருக்கு. இத வெச்சு அடைக்காம இருந்தா அன்னிக்கே ஆத்தோட போயிருக்கும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பா சொன்னுச்சே. தோள்ல கெடந்து சொன்னுச்சே. நான்தான் மொதல்ல வாயத் தொறந்தவன். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

வாப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். பிறகு எழுந்து கை கழுவினார். என்னைப் பார்த்து, "சட்ட மாத்திக்க. வா" என்றார்.

தர்கா இருக்கும் ஊருக்குப் பேருந்து ஏறினோம். அவர் ஏன் என்னை அழைத்துப் போனார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தனியாகப் போகப் பயந்திருப்பார்.

தர்காவின் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை. தூணுக்கு ஓர் ஆளாகக் கட்டியிருந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மா தன் கையைத் தானே முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். நான் வாப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடைசித் தூணருகில் பெரிய வாப்பா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். சங்கிலி இருந்த கணுக்காலில் வட்டமாகப் புண்.

என்னைப் பார்த்ததும், "காச்ச விட்டுச்சா புள்ள?" என்றார்.

வாப்பா அங்கிருந்தவரிடம் சொல்லிச் சங்கிலியைக் கழற்றச் செய்தார். எதிரில் உட்கார்ந்தார். அந்தப் புண்ணையே பார்த்தார்.

"ஏன் நானா சொல்லல? நான் அடிச்சப்ப ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. அடைக்கிறேண்டான்னு ஒரு வார்த்த."

பெரிய வாப்பா தஸ்பீஹை மடியில் வைத்தார். கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே, என்னிடம் துலோன் கதை சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"எங்க கப்பல்ல வால்வத் தொறந்தது நான்தான் தம்பி. உத்தரவு வந்துச்சு. தொறந்தேன். எல்லாரும் மேல ஏறியாச்சான்னு ஒரு சத்தம் குடுத்துருக்கணும். பதட்டத்துல குடுக்கல. எங்கூட நெருப்புப் போடுற பையன் ஒருத்தன் கீழயே இருந்துட்டான். சின்னப் பையன். அவனத் தேடித் திரும்ப எறங்குனேன். அதுக்குள்ள நெருப்பு. மூஞ்சி வெந்ததுதான் மிச்சம்."

"அது சண்ட நானா. உங்க தப்பா?"

"எல்லாரும் இதத்தான் சொன்னாங்க. ஒரு ஆளு என்னைய நிறுத்தி, ஏண்டா கூப்புடலன்னு கேக்கல. பென்ஷன் போட்டுக் குடுத்தாங்க. அவன் ஊருக்குப் போயி அவன் உம்மாகிட்டச் சொன்னேன். அதுவும் என்னைத் திட்டல, சோறு போட்டுச்சு." அவர் நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தார். "நீ அன்னிக்குத் தோணியில, எம் புள்ளயக் கொல்லப் பாத்தியான்னு கேட்டு அடிச்சே பாரு. அப்பத்தான் தம்பி, ஒருத்தன் வந்து கேட்டாப்புல இருந்துச்சு. அதான் பேசாம வாங்கிக்கிட்டேன்."

வாப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அடிபட்ட மாடு கத்துவது போன்ற சத்தம். சிரித்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கல் விழுந்தபோதும், ஆறு ஏறியபோதும், எல்லையில் துப்பாக்கிக்காரர்கள் நின்றபோதும் அழாத என் வாப்பா. அவரே இப்படி உடைந்துபோனால் இனிமேல் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் முழுவதும் நான் பட்ட பயங்களில் அதைப் போல ஒன்று கிடையாது. பின்வாங்கிப் பின்வாங்கிப் போனவள், பெரிய வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.